வாட்ச் லேசர் போட்டு சுகர் பார்க்கிறதாம்: கரும்புச்சாறு அளந்தவனின் சந்தேகம்

பழைய கெமிஸ்ட், கடலூர்:

மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன், வயது 67. சுகர் வந்து 11 வருஷம் ஆகிறது. விரலில் குத்திக் குத்தி இடது கை நடுவிரல் நுனி காய்த்துப்போய்விட்டது. காபி டம்ளர் சூடு மற்ற விரல்களுக்குத் தெரிகிறது, அதற்குத் தெரிவதில்லை. இதைப் பார்த்துவிட்டு மருமகன் போன மாதம் ஆன்லைனில் ஒரு வாட்ச் வாங்கிக் கொடுத்தார். ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம், கையில் கட்டினால் போதுமாம். அட்டையில் லேசர் ஸ்பெக்ட்ரோஸ்கோப்பி என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. திருப்பிப் பார்த்தால் பச்சை விளக்கு இரண்டும் சிவப்பு ஒன்றும் மினுக்குகின்றன.

இதை நம்ப எனக்குக் காரணம் உண்டு. மாவட்டத்தில் ஒரு சர்க்கரை ஆலை லேபில் 31 வருஷம் இருந்தேன். ஒளியை வைத்துச் சர்க்கரை அளந்தே சோறு தின்றவன். அரவை நடக்கும் மாதங்களில் ராத்திரி ஷிப்டிலும் மணிக்கொரு சாம்பிள் வரும். சாற்றில் ஈய அசிடேட் ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்கி, வடிதாளில் வடித்து, முதலில் வரும் கொஞ்சத்தைக் கொட்டிவிட்டு, கண்ணாடிபோல் வருவதை 20 செ.மீ. குழாயில் பிடித்து போலரிமீட்டரில் வைப்போம். உள்ளே ஒரு காற்றுக்குமிழி நின்றாலும் ரீடிங் கெட்டது. சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி அதிரும் தளத்தைச் சர்க்கரை எத்தனை டிகிரி திருப்புகிறது என்று பார்த்து எழுதுவதுதான் வேலை. 26 கிராம் சுத்தமான சர்க்கரையை 100 மி.லி. ஆக்கி ஊற்றினால் அளவுகோலில் நூறு காட்டும்.

அந்தக் காலத்திலேயே குழாயும் விளக்குமாக இவ்வளவு செய்தோமே, இப்போது லேசர் வந்த பிறகு ரத்தத்துக்கு ஏன் முடியாது என்றுதான் தோன்றியது. ஆனால் லேப் புத்தி போகாது. ஒரு வாரம் நோட்டுப் போட்டேன். வாட்ச் மில்லிமோல் கணக்கில் காட்டுவதால், நம் ஊர் மில்லிகிராம் கணக்குக்கு வர 18-ஆல் பெருக்கித் தருகிறேன்.

திங்கள் வெறும் வயிற்றில்: ஸ்ட்ரிப்பில் 148, வாட்சில் 101. செவ்வாய் பொங்கல் வடை சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து: ஸ்ட்ரிப்பில் 251, வாட்சில் 112. புதன் சில்வர் பீச்சில் நடந்துவிட்டு வந்தபோது வியர்த்துக் கை நடுங்கியது: ஸ்ட்ரிப்பில் 68, வாட்சில் 103.

புதன்கிழமை வாட்சை நம்பியிருந்தால் வெயில் என்று நினைத்துப் படுத்திருப்பேன். வாட்சில் கோளாறா, அல்லது இந்த முறையே ஆகாத காரியமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மருமகனிடமும் ஒரு பதில் சொல்ல வேண்டும்.

காலாப்பட்டு லேசர்:

ஐயா, வணக்கம். காலாப்பட்டில் லேசரை வைத்து ஆராய்ச்சி செய்கிறேன் (ரத்தம் இல்லை, வேறு திரவங்கள்). உங்கள் கேள்விக்கு விடை உங்கள் லேபிலேயே இருக்கிறது. ஈய அசிடேட் போடாமல், வடிக்காமல், ரோலரிலிருந்து வந்த கலங்கல் சாற்றை அப்படியே குழாயில் ஊற்றியிருந்தால் என்ன தெரிந்திருக்கும்? தோல்தான் அந்தக் கலங்கல் சாறு. மனிதனை வடிகட்ட முடியாது.

அடுத்தது, சர்க்கரை எவ்வளவு நீர்த்திருக்கிறது என்பது. 100 மி.லி. சாற்றில் 15 கிராம் சர்க்கரை என்று வைத்துக்கொண்டால் உங்கள் குழாயில் ஒளி 20 டிகிரி திரும்பியிருக்கும். ரத்தத்தில் சுகர் 100 என்றால் டெசிலிட்டருக்கு வெறும் 100 மில்லிகிராம். உடம்பில் ஓடும் 5 லிட்டர் ரத்தத்துக்கும் சேர்த்து ஒரு டீஸ்பூன் சர்க்கரைதான். அது தண்ணீர்போல் தெளிவாக இருந்து, ஒரு செ.மீ. தூரம் ஒளி போனாலும் திருப்பம் ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. இதை அளக்கக் கண்ணின் முன்னறைத் திரவத்தைத் தேடிப்போனவர்கள் உண்டு. உடம்பில் வடிகட்டிய சாறு மாதிரி தெளிவாக, வெளியிலிருந்து ஒளி எளிதாக எட்டும் இடத்தில் இருப்பது அதுதான். ஆனால் கருவிழிப் படலம் தன் பங்குக்கு ஒளியின் தளத்தைக் குழப்புகிறது, கண்ணும் ஒரு நொடி சும்மா இருப்பதில்லை.

அப்படியானால் விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் மட்டும் எப்படி என்று கேட்பீர்கள். அது 660 நானோமீட்டர் சிவப்பையும் 940 நானோமீட்டர் அகச்சிவப்பையும் விரலுக்குள் விட்டு, துடிப்போடு ஏறி இறங்கும் பகுதியை மட்டும் எடுத்துக்கொள்கிறது. 1970-களில் ஜப்பானில் தக்குவோ அயோயாகி கண்ட யோசனை. அங்கே அளப்பது ஹீமோகுளோபின். டெசிலிட்டருக்கு ஏறக்குறைய 15 கிராம், அதாவது குளுக்கோசைப்போல் 150 மடங்கு. போதாததற்கு நல்ல சிவப்பு நிறம் வேறு. குளுக்கோசுக்கு நிறமே கிடையாது. இவ்வளவு வசதி இருந்தும், கறுப்பின நோயாளிகளுக்கு ஆக்சிஜன் இறங்கியிருப்பதை ஆக்சிமீட்டர் வெள்ளையர்களைவிடச் சுமார் மூன்று மடங்கு அதிகமாகத் தவறவிடுகிறது என்று 2020-ல் அமெரிக்காவில் கண்டார்கள். நம் ஊர்த் தோலுக்கு இது சும்மா கேட்டுவிட்டுப் போகிற செய்தி இல்லை.

ஆகாத காரியமா என்றால், அப்படிச் சொல்ல மாட்டேன். நம்பிக்கை இருக்கிற வழி நம் ராமன் காட்டியது. 1928 பிப்ரவரியில் கல்கத்தாவில் அவர் கண்டது இதுதான்: ஒரு பொருளில் பட்டுச் சிதறும் ஒளித்துகள்களில் ஏறத்தாழ கோடியில் ஒன்று நிறம் மாறி வருகிறது. எவ்வளவு மாறுகிறது என்பது பொருளுக்குப் பொருள் வேறு. குளுக்கோசுக்கு 1125 என்ற அலை எண்ணில் (நிறம் எவ்வளவு மாறியது என்பதன் கணக்கு) ஒரு முகடு உண்டு, கிட்டத்தட்டக் கைரேகை மாதிரி. சிக்கல் என்னவென்றால், லேசர் பட்டதும் தோலில் உள்ள மற்றவை தாங்களும் ஒளிர ஆரம்பிக்கின்றன. கல்யாண வீட்டு மேளத்துக்கு நடுவே ஒருவர் கிசுகிசுப்பதைக் கேட்கிற கதை. அந்த மேளத்தைக் குறைக்கத்தான் 830 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரைப் பயன்படுத்துகிறார்கள். 2020-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் உயிருள்ள பன்றியின் காதில் அந்தக் குளுக்கோஸ் முகட்டை நேரடியாகவே பார்த்துவிட்டார்கள். பெரிய விஷயம்தான். ஆனால் அது ஆய்வுக்கூடக் கருவி, மணிக்கட்டில் கட்டுகிற சமாசாரம் இல்லை.

உங்கள் வாட்சில் மினுக்கும் பச்சை விளக்கு நாடித்துடிப்பு எண்ணுவதற்கு. லேசரே இருக்கிறதா என்பது சந்தேகம். தோலைத் துளைக்காமல் சர்க்கரை காட்டும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை, பயன்படுத்தாதீர்கள் என்று மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமெரிக்காவின் எஃப்டிஏ 2024 பிப்ரவரியில் எச்சரித்தது.

முதுநகர்க்காரன்:

சும்மா பயமுறுத்தாதீர்கள். என்னிடமும் இதே மாதிரி வாட்ச் இருக்கிறது. லேபில் 106, வாட்சில் 5.8. பெருக்கிப் பாருங்கள், இரண்டே புள்ளி வித்தியாசம். இரண்டு முறை செக் பண்ணினேன், இரண்டு முறையும் சரி.

பழைய கெமிஸ்ட், கடலூர்:

தம்பி, உங்களுக்கு சுகர் உண்டா? இல்லையென்றால் ஒரு கதை.

எங்கள் லேபில் ஓர் உதவியாளர் இருந்தார். நல்ல மனிதர், தூக்கம் மட்டும் கொஞ்சம் ஜாஸ்தி. ராத்திரி இரண்டு மணிச் சாம்பிளை எடுக்காமலே எழுதிவிடுவார். பல நாள் யாருக்கும் தெரியவில்லை. ஏனென்றால் அவர் எழுதியது சரியாக இருந்தது! ஒரு மணிக்கு வந்த கணக்கைப் பார்ப்பார், அதில் கால் புள்ளி கூட்டுவார் அல்லது குறைப்பார். தை மாசக் கரும்பு இப்படித்தான் இருக்கும் என்று அவருக்கு அத்துப்படி. ஒருநாள் வெட்டி நான்கு நாள் வெயிலில் கிடந்த கரும்பு வண்டி வந்தது. சாறு புளித்துச் சர்க்கரை இறங்கிப்போயிருந்தது. அன்றைக்கும் அவர் நோட்டில் அதே தை மாசக் கணக்கு. அன்றுதான் மாட்டினார்.

உங்கள் வாட்சும் அந்த உதவியாளர் மாதிரிதான் தோன்றுகிறது. சர்க்கரை சாதாரணமாக இருக்கிறவரை அது சொல்வது சரியாகத்தான் வரும். 251-ம் 68-ம் வரும்போது என்ன சொல்கிறது என்பதே கேள்வி.

காலாப்பட்டு லேசர்:

ஐயா சொன்னது ஆய்வுக்கூடத்திலும் நடந்த கதை. ஒருவருக்குக் குளுக்கோஸ் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தால் சுகர் மெதுவாக ஏறி இறங்கும். அதே நேரத்தில் தோலின் சூடும் மெதுவாக மாறும், கருவியும் சூடேறும். தோலில் பட்டு வரும் ஒளியை வைத்துச் சுகரைக் கணிக்கக் கணினியைப் பழக்கினால், அது எதைக் கற்றுக்கொள்கிறது? பல நேரம், நேரம் ஓடுவதைத்தான். குளுக்கோஸ் பற்றிய தகவலே இல்லாத செயற்கைத் தரவை வைத்தே அழகாகச் சர்க்கரையை "கணித்து" 1998-ல் ஒரு குழு காட்டியது. அதற்கு அவர்கள் வைத்த பெயரே ஆவி குளுக்கோஸ் என்ற மாதிரிதான்.

திருப்பாப்புலியூர் லேப் டெக்னீஷியன்:

சார், லேசர் கதை எனக்குத் தெரியாது, விரல் கதை தெரியும். காய்த்துப்போனதாகச் சொல்கிறீர்களே, நுனியின் நடுவிலா குத்துகிறீர்கள்? பக்கவாட்டில் குத்துங்கள், வலி பாதிதான் இருக்கும். தினமும் ஒரே விரலைப் பிடிக்காதீர்கள். கையை வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் தொங்கப்போட்டால் ரத்தம் தானாக வரும், பிதுக்க வேண்டாம். கழுவாமல் குத்தினால் என்ன ஆகும் தெரியுமா? போன வருஷம் ஒரு தாத்தா 390 என்று அலறிக்கொண்டு வந்தார். பலாச்சுளை பிரித்த கையோடு குத்தியிருக்கிறார். துடைத்துவிட்டு எடுத்தால் 160.

ஸ்ட்ரிப்பும் கடவுள் இல்லை. உலகத் தரப்படி 100-க்கு மேல் இருந்தால் 15 சதவீதம் முன்னே பின்னே போகலாம். உங்கள் 148 நிஜத்தில் 130 ஆகவும் இருக்கலாம். ஆனால் 251-ஐ 112 என்று எந்த ஸ்ட்ரிப்பும் சொல்லாது.

68 வந்ததை டாக்டரிடம் சொன்னீர்களா? முதலில் அதைச் செய்யுங்கள். மாத்திரை அளவைப் பார்க்க வேண்டியிருக்கும். அந்த விரலுக்குச் சூடு தெரியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், காய்ப்பினால்தான் என்று நீங்களே முடிவு பண்ணாதீர்கள்.

வில்லியனூர் அம்மா:

என் மகளுக்கு ஒன்பது வயது, டைப் 1 (உடம்பில் இன்சுலின் சுரக்காத சர்க்கரை நோய்). இந்த மாதிரி வாட்ச் விளம்பரம் வாட்ஸ்அப்பில் வாரத்துக்கு ஒன்று வருகிறது. "பாவம் குழந்தை, வாங்கிக் கொடேன்" என்று சொந்தக்காரர்கள் அனுப்புவது. பதில் போட்டு அலுத்துவிட்டது.

நாங்கள் மேல்கையில் ஒட்டுகிற சென்சார் வைத்திருக்கிறோம், 14 நாளுக்கு ஒன்று. அது லேசர் இல்லை ஐயா, தலைமுடி மாதிரி ஒரு இழை தோலுக்குள்ளே போய் செல்களுக்கு நடுவே இருக்கிற நீரில் அளக்கிறது. ரத்தத்தைவிடச் சில நிமிஷம் பிந்தித்தான் காட்டும். சுகர் வேகமாக இறங்கும்போது அந்தச் சில நிமிஷம் எங்களுக்குப் பெரிசு, அதனால் சந்தேகம் வந்தால் விரலிலும் குத்திப் பார்த்துவிடுவோம். செலவு கையைக் கடிக்கிறது, மாசாமாசம் போட முடிவதில்லை. பரீட்சை சமயத்திலும் காய்ச்சல் வரும்போதும் போடுகிறோம். உங்களுக்கு எப்போதும் வேண்டியிருக்காது, இரண்டு வாரம் ஒட்டிப் பார்த்தால் எந்தச் சாப்பாடு எங்கே ஏற்றுகிறது என்று தெரிந்துவிடும். டாக்டரைக் கேளுங்கள்.

வெளியிலிருந்தே பார்க்கிற கருவி நிஜமாகவே வந்தால் என்னைவிடச் சந்தோஷப்படுகிறவள் இருக்க மாட்டாள். வரட்டும்.

பழைய கெமிஸ்ட், கடலூர்:

எல்லோருக்கும் நன்றி. டாக்டரைப் பார்த்துவிட்டேன். ராத்திரி மாத்திரையைப் பாதியாக்கிவிட்டார், விரலையும் ஊசியால் தொட்டுச் சோதித்தார், இன்னொரு பரிசோதனைக்கு எழுதிக்கொடுத்திருக்கிறார். சென்சார் பற்றிக் கேட்டேன், அடுத்த மாதம் ஒன்று போட்டுப் பார்க்கலாம் என்றார். திருப்பாப்புலியூர் லேப் டெக்னீஷியனுக்கு: பக்கவாட்டில் குத்துகிறேன், நீங்கள் சொன்னது நிஜம். 11 வருஷமாக இதை ஒருவரும் சொல்லவில்லை.

மருமகனிடம் என்ன சொல்வது என்றுதான் யோசனையாக இருந்தது. ஆசையாக வாங்கிக் கொடுத்தவரிடம் ஆவி குளுக்கோஸ் என்றெல்லாம் ஆரம்பித்தால் மகள் என் மேல் பாய்வாள். அதனால் ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்தபோது பீச் ரோட்டுச் சாறுக் கடையில் ஒரு கரும்பு வாங்கிவந்து, முழ நீளத்துக்கு நறுக்கி, அதில் வாட்சைக் கட்டினேன். கரும்பு மெலிசு, கடைசி ஓட்டையில் மாட்டியும் தொளதொளவென்று இருந்தது. பின்பக்கம் துணி செருகி, விளக்கு கரும்பின் மேலேயே படும்படி அழுத்திவிட்டுக் காத்திருந்தோம். பேரன்தான் ரீடிங் படித்தான்.

நாடி 74. சர்க்கரை 5.8. பதினெட்டால் பெருக்கினால் 104. கரும்புக்கு சுகர் இல்லையாம்.