வெள்ளச் செய்தி பார்த்ததும் வரும் பதற்றம்: வீட்டில் எதில் தொடங்குவது?

கேள்வி: மிக்ஜாம் மாதிரி புயல், கத்திரி வெயில் என்று செய்தி பார்க்கப் பார்க்கப் பயமும் குற்ற உணர்ச்சியும்தான். கடைசியில் "நாம ஒருத்தர் மாறி என்ன ஆகப்போகுது" என்ற சோர்வு. சென்னையில் அடுக்குமாடி, இரண்டு பேர். என்ன செய்யலாம்?

மாடிவீட்டுக்காரர்: பயம் தானாகச் செயலாகாதுங்க. உடனே கைக்கு எட்டுகிற வேலை வேணும். செய்தி நாளுக்கு 15 நிமிடம் போதும், படுக்கும் முன் வேண்டவே வேண்டாம். முதலில் ஏசி. ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம். 26-ல் வைத்து ஃபேனை மெதுவாக ஓடவிடுங்க. மீட்டர் யூனிட்டைக் குறித்து, போன வருஷம் இதே மாசத்தோடு ஒப்பிடுங்க.

'சருகு' என்ற பெயரில் எழுதுபவர்: காய்கறிக் கழிவு குப்பைமேட்டில் காற்றில்லாமல் அழுகினால் மீத்தேன் வரும். அதனால் உரமாக்குங்க. 20 லிட்டர் பெயின்ட் வாளி, பக்கவாட்டில் 20 துளை, அடியில் 5. அடியில் 3 அங்குலம் சருகு. பிறகு ஒரு கிண்ணம் கழிவுக்கு இரண்டு கிண்ணம் சருகு, மேலே கொஞ்சம் புளித்த மோர். கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் தண்ணீர் சொட்டக்கூடாது. சொட்டினால் நாறும், சருகு சேர்த்துக் கிளறணும். வெள்ளைப் புழு வந்தால் மேலே சருகு போதவில்லை என்று அர்த்தம். பலர் அருவருத்து விடுவது இந்த இடத்தில்தான், தயவுசெய்து விட்டுடாதீங்க.

மாடிவீட்டுக்காரர்: ஒன்று செய்ததும் மனசு ஆறி, அடுத்ததை மறந்துவிடுவோம். வாளி பழகியதும் பக்கத்து வீட்டையும் சேர்த்துக்கோங்க.