புதுப்பிப்பு: முகப்பு மட்டும் திறந்தது, மற்றதெல்லாம் 404 (தீர்ந்தது)

வழிகாட்டிய எல்லோருக்கும் நன்றி. வேர்ட்பிரஸ் (தளம் நடத்தும் மென்பொருள்) தளத்தைப் புது சர்வருக்கு மாற்றியதும் முகப்பைத் தவிர எல்லாப் பக்கமும் 404 (‘பக்கம் இல்லை’ என்ற பிழை) காட்டுகிறது என்று கேட்டிருந்தேன்.

நீங்கள் சொன்னபடி பெர்மாலிங்கை (பக்க முகவரிகளின் அமைப்பை) மறுபடி சேமித்ததில் பலனில்லை. முகவரிகளை மாற்றியமைக்கும் ரீரைட் மாட்யூலும் ஏற்கெனவே இயங்கிக்கொண்டுதான் இருந்தது. கைகொடுத்தது மூன்றாவது யோசனை: அப்பாச்சியின் (சர்வரில் தளத்தை வழங்கும் மென்பொருள்) கான்ஃபிக் கோப்பில், தளத்தின் ஃபோல்டருக்கு ‘அலவ் ஓவர்ரைடு நன்’ என்றிருந்ததை ‘ஆல்’ ஆக்கி ரீஸ்டார்ட் செய்தேன். ‘நன்’ என்றிருந்தால், தளத்தின் ஃபோல்டரில் இருக்கும் ஹெச்டிஆக்சஸ் என்ற அமைப்புக் கோப்பை அப்பாச்சி படிக்கவே படிக்காது. வேர்ட்பிரஸின் முகவரி விதிகள் இருப்பதோ அதில்தான்.

எதிர்பாராதது ஒன்று. அப்புறமும் இரண்டு பழைய இணைப்புகள் 404தான். இரண்டுமே நான் முகவரியை முழுக்க மாற்றிய பக்கங்கள். பதிவுக்கு என்றால் வேர்ட்பிரஸ் தானாகவே புது முகவரிக்குத் திருப்பிவிடும், ‘பேஜ்’ வகைக்கு அப்படிச் செய்வதில்லை. ஹெச்டிஆக்சஸில் 301 (புது முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பும் விதி) எழுதினேன், சரியாகிவிட்டது. அந்தக் கோப்பில் வேர்ட்பிரஸ் தன் விதிகளின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டப் போடும் பிகின், எண்ட் வரிகளுக்கு மேலே எழுதுங்கள். நடுவில் எழுதினால் அடுத்த முறை பெர்மாலிங்கைச் சேமிக்கும்போது அழிந்துவிடும்.