டயாலிசிஸ் நடுவே நடந்தது: மறக்க முடியாத ஒன்றை எழுதுங்கள்

நைட் ஷிப்ட்
ஒரு பேஷண்டுக்கு மூணேகால் மணி நேரம் வரைக்கும் எல்லாம் சரியாத்தான் போச்சு. ட்ரை வெயிட் (கூடுதல் நீர் இல்லாத எடை) 55 கிலோ, அன்னைக்கு வந்தது 59.2. நாலு மணி நேரத்துல 4.2 லிட்டரும் எடுக்கணும்னு செட்டிங். திடீர்னு கொட்டாவி மேல கொட்டாவி. தூக்கம்னு நினைச்சு கூட இருந்தவங்க போர்வையை இழுத்து விட்டாங்க. அடுத்த நிமிஷம் வேர்த்துக் கொட்டுது, "கண்ணை இருட்டுது"ங்கிறார். பிபி 80/50. யூஎஃப்பை (நீர் எடுக்கிறதை) நிறுத்தி, தலையைத் தாழ்த்தி, காலை உயர்த்தி, 200 மிலி சலைன் உள்ளே போனதும்தான் பேச்சு வந்தது.

"மெஷின் ரத்தத்தை உறிஞ்சிடுச்சு"ன்னு வீட்டுல ஒரே சத்தம். உடம்புக்கு வெளியே ஒரு நேரத்துல இருக்கிற ரத்தம் கால் லிட்டருக்குள்ளதான். பிரச்சினை வேற. ரத்தக்குழாய்ல இருந்து நாம நீரை எடுக்கிற வேகத்துக்கு, திசுக்கள்ல தேங்கின நீர் குழாய்க்குத் திரும்பி வரலை. ஒரு கிலோ எடைக்கு மணிக்கு 13 மிலி தாண்டக் கூடாதுன்னு பொதுவா ஒரு வரம்பு உண்டு. 55 கிலோவுக்கு நாலு மணி நேரத்துல 2.86 லிட்டர். இங்கே ஓடினது கிலோவுக்கு மணிக்கு 19 மிலி! கொட்டாவியைத் தூக்கம்னு விட்டுடாதீங்க, அவ்வளவுதான்.

உப்புக் கணக்கு
கணக்கு சரி. ஆனால் 13 என்பதைப் பாதுகாப்புக் கோடு மாதிரி எழுதியிருக்கிறீர்கள். இதயம் பலவீனமானவருக்கு 10-லேயே பிபி சரியும். அதைவிட முக்கியமான கேள்வி, அந்த 4.2 லிட்டர் எங்கிருந்து வந்தது என்பது. அதை ஒருவரும் கேட்கவில்லை.

"தண்ணீர் குடிக்காதே" என்று மட்டும் சொல்வதில் பயனில்லை. உடம்பில் தங்கும் 9 கிராம் உப்பு ஏறக்குறைய ஒரு லிட்டர் நீரைப் பிடித்து வைக்கும். உப்பு உள்ளே போனால் தாகம் வரும், தாகம் வந்தால் மனிதன் குடிப்பான், இதில் மன உறுதியெல்லாம் எடுபடாது. நாளுக்கு மொத்தம் 5 கிராம் உப்புக்குள் நின்றால் தாகமே பாதி அடங்கும். நாள் முழுக்கக் குடிக்க வேண்டியதைக் காலையிலேயே ஒரு பாட்டிலில் அளந்து வைத்துவிட வேண்டும். மாத்திரைகளைச் சேர்த்துப் போட்டால் ஒரு மிடறு போதும். சர்க்கரை நோயாளிக்குச் சர்க்கரை ஏறியிருந்தாலும் தாகம் தணியாது, அதையும் பாருங்கள். டயாலிசிஸ் ஓடும்போது வயிறு நிறையச் சாப்பிடக் கூடாது. ரத்தம் குடல் பக்கம் திரும்பும், பிபி விழும். பிபி மாத்திரையை அன்று முன்னால் போடுவதா பின்னால் போடுவதா என்பதை மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அப்படியும் இறங்கினால் டயாலிசிஸ் திரவத்தின் சூட்டை 36 டிகிரிக்கோ சற்றுக் கீழேயோ குறைக்கச் சொல்லலாம். குளிரும், ஆனால் பிபி நிற்கும். 2.86 போக மீதி 1.3 லிட்டர்? நேரத்தைக் கூட்ட வேண்டும், இல்லையென்றால் அந்த வாரம் ஒரு தடவை கூடுதலாக வர வேண்டும்.

ஃபிஸ்டுலா கை
யாரும் கேட்காமலே இவ்வளவு அறிவுரையா, சார்? சரி. நான் சொல்ல வந்தது ஊசி.

வீனஸ் பிரஷர் (ரத்தம் உடம்புக்குத் திரும்பும் குழாயின் அழுத்தம்) 140-ல் ஓடிக்கொண்டிருந்தது, சட்டென்று 260. அலாரம் அடிக்கிறது, ஒருவர் வந்து அமுக்கிவிட்டுப் போகிறார். மறுபடி அடிக்கிறது, மறுபடி அமுக்கல். மூன்றாவது முறைதான் கையைப் பார்த்தார்கள், எலுமிச்சை அளவுக்கு வீக்கம். செல்போனை எட்டி எடுக்க நோயாளி கையை மடக்கியிருக்கிறார், ஊசி ரத்தக்குழாயின் சுவரைத் துளைத்துவிட்டது. பம்ப்பை நிறுத்தி, ஐஸ் வைத்து, வீக்கத்துக்கு மேலே வேறு இடத்தில் ஊசி போட்டுத்தான் தொடர முடிந்தது.

பிரஷர் ஏறினால் மெஷின் கத்தவாவது செய்கிறது. திரும்பிவரும் ஊசி கழன்று வெளியே விழுந்தால் பிரஷர் கொஞ்சம்தான் இறங்கும், சில நேரம் அலாரமே வராது. பம்ப் நிமிடத்துக்கு 300 மிலி தள்ளுகிறது, ஐந்து நிமிடத்தில் ஒன்றரை லிட்டர் ரத்தம் படுக்கையில். அதனால் எவ்வளவு குளிரானாலும் ஊசி போட்ட கையைப் போர்வைக்குள் வைக்கக் கூடாது. மேலே ஒருவர் "போர்வையை இழுத்து விட்டாங்க" என்று சாதாரணமாக எழுதியிருக்கிறார், அதைப் படித்ததும் பகீரென்றது.

நைட் ஷிப்ட்
கால் பக்கம் போட்ட போர்வைங்க அது.

முதல் தடவை
முதல் டயாலிசிஸ். ரத்தத்தில் யூரியா என்ற கழிவு 240. இரண்டே மணி நேரத்தில், ரத்த ஓட்டம் நிமிடத்துக்கு 200 மிலியைத் தாண்டாமல் முடித்துவிட்டார்கள். "பாதியிலேயே அனுப்புறீங்களே" என்று மகன் சண்டைக்கு வந்துவிட்டார். ரத்தத்தில் யூரியா மளமளவென்று இறங்கினால் மூளைக்குள் இருப்பது அதே வேகத்தில் இறங்காது. அந்த வித்தியாசம் நீரை மூளைக்குள் இழுக்கும். தலைவலி, வாந்தி, சிலருக்கு வலிப்பு வரைக்கும் போகும். அதற்காகத்தான் முதலில் இரண்டு மணி, அடுத்தடுத்து மூன்று, நான்கு என்று ஏற்றுவது.

இதைக் காட்டி, பழகிய பிறகும் "அரைமணி முன்னாடி எடுத்துடுங்க" என்பவர்கள் இருக்கிறார்கள். வாரம் மூன்று முறை அரைமணி விட்டால் வருடத்துக்கு 78 மணி நேரம், கிட்டத்தட்ட 20 டயாலிசிஸ் போயிற்று. யூரியா முதல் இரண்டு மணியிலேயே நிறைய வெளியேறிவிடும், அதனால் நேரம் குறைந்தது தெரியாது. பாஸ்பரஸ் செல்களுக்குள்ளிருந்து மெதுவாகத்தான் வரும், அதற்கு நேரம்தான் மருந்து. பாஸ்பரஸ் தேங்கினால் தோல் அரிக்கும், அதனால் அரிப்பு என்று வருகிறவர்களிடம் முதலில் இதைத்தான் கேட்க வேண்டும்.

ஃபிஸ்டுலா கை
இன்னொன்று விட்டுப்போனது. பிபி விழுந்த அன்று ராத்திரி ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்த இடம்) அடைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். அப்படித்தான் ஒருவருக்குக் காலையில் கையில் அதிர்வு இல்லை. "நாளன்னைக்கு டயாலிசிஸ்தானே, அப்ப காட்டிக்கலாம்" என்று இருந்துவிட்டார். உடனே வந்திருந்தால் அடைத்த ரத்தக்கட்டியை எடுக்க வழி இருந்தது, கடைசியில் டயாலிசிஸுக்காகக் கழுத்தில் கத்தீட்டர் குழாய். காலையும் இரவும் விரல் வைத்துப் பாருங்கள். அதிர்வு இல்லையென்றால் அந்த நிமிடமே ஃபோன்.

பொட்டாசியம்
உப்புக் கணக்கு அவர்களுக்கு. உப்பைக் குறை என்று சொன்னதைக் கேட்டு ஒருவர் "சோடியம் குறைந்த உப்பு" பாக்கெட் வாங்கியிருக்கிறார். சோடியத்துக்குப் பதிலாக அதில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு. இரண்டு நாள் இடைவெளி முடிந்து வரும்போது படியேற முடியாத அளவுக்குக் கால் துவண்டிருந்தது. பொட்டாசியம் 7.1, ஈசிஜியில் அலைகள் கூராக எழும்பி நின்றன.

உப்புக் கணக்கு
அதை நான் சேர்த்திருக்க வேண்டும், சரிதான். அப்போது டயாலிசிஸ் திரவத்தில் பொட்டாசியம் எவ்வளவு வைத்தார்கள்? 1-க்கு இறக்கினார்களா?

பொட்டாசியம்
இல்லை, 2. ஒரேயடியாக இறக்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். முதலில் கால்சியம் ஊசி, பிறகு மானிட்டர் மாட்டியபடியே டயாலிசிஸ். முடிந்த உடனே எடுத்த ரத்தத்தை நம்பவில்லை, செல்களுக்குள்ளிருந்து மறுபடி ஏறும் என்பதால் சில மணி நேரம் கழித்து இன்னொரு முறை பார்த்தார்கள்.