‘ஸ்டைல்’ என்ற ஒரு சொல் போதாது: கராத்தே கையேட்டுக்குக் கலைச்சொல்

அனைவருக்கும் வணக்கம்.

பெரம்பூரில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கராத்தே சொல்லிக்கொடுக்கிறேன். பெல்ட் தேர்வுக்குத் தமிழில் ஒரு சின்னக் கையேடு எழுத உட்கார்ந்தேன், முதல் பக்கத்திலேயே நின்றுவிட்டது. “மாஸ்டர், நம்ம ஸ்டைல் என்ன?” என்று பிள்ளைகள் கேட்கிறார்களே, அந்த ஸ்டைலுக்கு என்ன எழுதுவது? போன வாரம் நம் குழுவில் இதைக் கேட்டதற்கு ‘பாணி’ என்றார்கள். நல்ல சொல்தான், ஆனால் எல்லா இடத்திலும் அதையே போட்டால் கராத்தே எப்படி வளர்ந்தது என்பதே மறைந்துபோகும். நாம் ஸ்டைல் என்று ஒன்றாகச் சொல்வது ஜப்பானில் தே, ரியூ, கான் என்று மூன்று சொல்.

தே என்றால் கை. கராத்தே பிறந்த, ஜப்பானின் தெற்கே இருக்கிற ஒகினாவா தீவில் அரசர் இருந்த ஊர் ஷுரி, துறைமுகம் நஹா, அதை ஒட்டித் தோமாரி. அந்தந்த ஊரில் பயின்றதை ஷுரி-தே, நஹா-தே, தோமாரி-தே என்றார்கள். பரதத்தில் பந்தநல்லூர் பாணி, வழுவூர் பாணி என்று ஊரை வைத்துச் சொல்கிறோமே, அதே மாதிரி. அதோடு பாணி என்ற சொல்லுக்கே கை என்றும் பொருள் இருக்கிறது, கல்யாணத்தில் பாணிக்கிரகணம் என்பது கையைப் பிடிப்பதுதானே. தே என்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது என்று நினைக்கிறேன்.

ரியூ வேறு, அது ஓர் ஆசானிடமிருந்து வரும் முறை. ஹிகாவோன்னா கான்ரியோ சீனத்தின் ஃபூச்சோவுக்குப் போய்க் கற்றுவந்து நஹாவில் சொல்லிக்கொடுத்தார், அவரிடம் பயின்றவர் மியாகி சோஜுன். 1930இல் மியாகியின் மாணவர் ஒருவர் தோக்கியோவில் செய்துகாட்டியபோது, இது எந்த ரியூ என்று கேட்டார்களாம், சொல்வதற்குப் பெயரே இல்லை. அப்புறம்தான் மியாகி பழைய சுவடி வரி ஒன்றிலிருந்து கோஜு என்று எடுத்தார், வன்மையும் மென்மையும் என்று பொருள். 1933இல் அந்தப் பெயர் ஜப்பானியப் போர்க்கலைச் சங்கத்தில் பதிவானது. மபுனி கென்வா, ஷுரியின் இதோசுவிடமும் நஹாவின் ஹிகாவோன்னாவிடமும் கற்றவர், அந்த இருவர் பெயரின் முதல் எழுத்துகளையும் வேறு உச்சரிப்பில் சேர்த்து (ஜப்பானியத்தில் ஒரே எழுத்தைப் பல விதமாக வாசிக்கலாம்) ஷிதோ-ரியூ என்று வைத்தார். ஊர்ப்பெயர் இருந்த இடத்தில் ஆசான்கள் வந்துவிட்டார்கள். இதற்கும் பாணி என்றால் அந்த மாற்றம் எங்கே தெரியும்?

கான் எளிது. 1922இல் தோக்கியோவுக்குப் போய்ச் செய்துகாட்டி அங்கேயே தங்கிவிட்ட ஃபுனாகோஷி கிச்சின், கவிதைக்கு வைத்துக்கொண்ட புனைபெயர் ஷோட்டோ. மாணவர்கள் பயிற்சிக் கட்டடத்துக்கு அந்தப் பெயரை வைக்க, அது ஷோட்டோகான் ஆனது. சிலம்பக்கூடம் என்கிறோம், கான் என்பதற்குக் ‘கூடம்’ சரி.

ரியூவுக்கு இப்போதைக்கு ‘மரபு’ என்று எழுதிவைத்திருக்கிறேன், மனசு ஒப்பவில்லை. சொல்லுங்கள்.

*

தம்பி, மரபு வேண்டாம். 1930களில் வைத்த பெயர்களை மரபு என்றால் பிள்ளைகள் ஆயிரம் வருஷத்துச் சங்கதி என்று எடுத்துக்கொள்ளும்.

சிலம்பத்தில் எங்கள் பக்கம் “நீ எந்த வாத்தியார் வழி?” என்றுதான் கேட்போம். ‘வழி’ என்றே போடுங்கள். வழித்தோன்றல், வழிவழியாக என்பதில் எல்லாம் பரம்பரை இருக்கிறது, வழிதல் என்றால் நீர் நிரம்பி ஓடுவது. ரியூ என்ற எழுத்துக்கும் ஓடும் நீர் என்பதுதானே அடிப்படைப் பொருள்? ‘பிரிவு’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், அது நமக்குப் பூட்டிலிருந்து கையை விடுவிக்கிற முறை, ஏற்கெனவே வேலையில் இருக்கிற சொல்.

*

ஐயா, ‘வழி’ பிடித்துப்போனது. ஓடும் நீரும் ஆசானும் ஒரே சொல்லில் வருவார்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

ஒரு சிக்கல்தான். கராத்தே-டோவில் வரும் ‘டோ’வை இதுவரை வழி என்றே சொல்லிவந்தோம். அதை ‘நெறி’ ஆக்கிவிடலாம். கராத்தே என்பதை முன்பு சீனக் கை என்று பொருள்படும் எழுத்தில் எழுதினார்கள், கரா என்ற அதே ஒலிக்கு வெறுமை என்ற எழுத்தும் உண்டு, 1936இல் நஹாவில் கூடிய ஆசான்கள் அதையே ஏற்றார்கள். ஆக கராத்தே-டோ என்பது வெறுங்கை நெறி. கையேட்டில் ‘கோஜு வழி, நஹா பாணியிலிருந்து வந்தது’ என்று ஒரே வரியில் எழுத முடிகிறது, பிள்ளைகளுக்கு வரலாறும் சேர்ந்தே போய்விடும்.

அடுத்தது கட்டா, அதாவது அடியும் தடுப்பும் கோத்துத் தனியாகச் செய்துபார்க்கும் பயிற்சி. நம்மிடம் குத்துவரிசை இருக்கிறது, பாட்டு வகுப்பில் சரளி வரிசை இருக்கிறது, இரண்டுமே மாறாத ஒழுங்கில் திரும்பத் திரும்பப் பயில்வது. ‘வரிசை’ என்று வைக்கிறேன். மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது.