நகராட்சி வணிக வளாகத்தை விரிவாக்கப் போகிறார்கள்: மனுவில் என்ன எழுதலாம்?

வளையல் கடை 14 (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். தென் மாவட்டத்தில் ஒரு நகராட்சி எங்கள் ஊர். பேருந்து நிலையத்துக்கு எதிரே உள்ள நகராட்சி வணிக வளாகத்தில் வளையல் கடை வைத்திருக்கிறேன். பத்துக்கு எட்டு அடி. என் மாமியார் 1991-ல் ஏலத்தில் எடுத்தது. அவர்களுக்கு முழங்கால் முடியாமல் போன பிறகு பதினாறு வருடமாக நான்தான் ஷட்டரைத் தூக்குகிறேன்.

வளாகத்தைப் பெரிதாக்கப் போகிறார்கள். பின்னால் இருக்கிற சைக்கிள் ஸ்டாண்டையும் சேர்த்து மூன்று மாடி, அடியில் வண்டி நிறுத்தம். மேலும் கீழுமாக இப்போது 42 கடை, இனி 110 ஆகும் என்கிறார்கள். கட்டி முடிக்க ஒன்றரை வருடம். அதுவரை வாரச்சந்தைத் திடலில் தகரக் கொட்டகை போட்டுத் தருவார்களாம். அடுத்த புதன்கிழமை வியாபாரிகளைக் கூப்பிட்டுக் கருத்துக் கேட்கிறார்கள். எழுத்தில் கொடுத்தால்தான் கணக்கு என்று சொல்லிவிட்டார்கள். அந்த மனுவுக்குத்தான் உங்களிடம் வருகிறேன்.

கட்ட வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஐப்பசி மழையில் கூரை ஒழுகி, நான் சரக்குப் பெட்டிகளைப் பலகை மேல் ஏற்றி பாலிதீன் போட்டு மூடிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறேன். கண்ணாடி வளையல் நனைந்தால் ஜிகினா உதிர்ந்துவிடும், பிறகு யாரும் தொட மாட்டார்கள். எனக்குப் பயமெல்லாம் கீழ்த்தளம் கையை விட்டுப் போய்விடுமோ என்பதில்தான்.

2009-ல் எங்கள் தலைக்கு மேல் பன்னிரண்டு கடை கட்டினார்கள். இன்றைக்குத் திறந்திருப்பது ஐந்து. அதில் ஒருவர் லேடீஸ் டெய்லர். வருகிற பெண்கள் கீழே நின்று கூப்பிடுவார்கள், அண்ணாச்சி கயிற்றில் கட்டைப்பையைக் கட்டி இறக்குவார், இவர்கள் துணியையும் அளவு ஜாக்கெட்டையும் அதில் போட்டு அனுப்புவார்கள். எத்தனையோ நாள் அந்தப் பையைப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். படி ஏறுகிறவர்கள் வரி கட்ட வந்தவர்கள் போல ஏறுகிறார்கள், வேடிக்கை பார்த்துக்கொண்டு யாரும் ஏறுவதில்லை. என் வியாபாரமே வேடிக்கை பார்ப்பதில்தான் இருக்கிறது.

போன சனிக்கிழமை நோட்டுப் போட்டுக் குறித்தேன். 57 பேர் வாங்கினார்கள். ஒவ்வொருவரிடமும் எதற்காக இந்தப் பக்கம் வந்தீர்கள் என்று கேட்டேன். வளையலுக்கென்றே வந்தவர்கள் 11 பேர். மற்ற 46 பேரும் பஸ்ஸுக்குப் போகிற வழியில் சரத்தைப் பார்த்து நின்றவர்கள்.

அன்றைக்கே ஏழாம் மாதத்தில் ஒரு பெண் அம்மாவோடு வந்தாள், வளைகாப்புக்கு. வழக்கமாக ரெண்டு நாலு அளவு வளையல் போடுகிற கை, நீர் கோத்து வீங்கி அடுத்த அளவான ரெண்டு ஆறு கேட்டது. ஸ்டூலில் உட்கார வைத்து, கட்டைவிரல் அடிமேட்டில் தேங்காய் எண்ணெய் தடவி, ஐந்து விரலையும் குவித்துப் பிடித்து ஒவ்வொன்றாக ஏற்றினேன். ஒன்றுகூட உடையவில்லை. அந்தப் பிள்ளையை எந்த மாடிக்கு நான் ஏறி வரச் சொல்வது?

எதைக் கேட்க வேண்டும், எந்த வார்த்தையில் கேட்க வேண்டும், விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

திருச்சி கமிஷன் மண்டி

தங்கச்சி, தகரக் கொட்டகை விஷயத்தில் முதலில் கவனமாக இருங்கள். எங்கள் கதையைச் சொல்கிறேன்.

எங்கள் ஊர் காய்கறி மொத்தச் சந்தையான காந்தி மார்க்கெட் 1868-ல் ஆரம்பித்து 1927-ல் பெரிதாக்கப்பட்டது. ஊருக்கு நடுவில் நெரிசல் தாங்கவில்லை என்று, மதுரை நெடுஞ்சாலையில் கள்ளிக்குடியில் 77 கோடி ரூபாயில் புது மார்க்கெட் கட்டி 2017-ல் திறந்தார்கள். கட்டடம் அழகாகத்தான் இருந்தது. எங்கள் ஆட்கள் போகவில்லை. காரணம் கேட்டால் எவனும் ஒரே பதில்தான் சொல்வான்: கடை சின்னது, தூரம் அதிகம். லாரியிலிருந்து இறக்கும் மூட்டையை அடுக்கவே இடம் பற்றாத கடையில் எங்கே உட்கார்ந்து ஏலம் விடுவது? சில்லறைக்காரன் காலை நாலு மணிக்கு டிவிஎஸ் எக்ஸலில் வந்து ரெண்டு மூட்டை எடுத்துக்கொண்டு ஆறு மணிக்குத் தெருவில் நிற்க வேண்டும். அவன் நெடுஞ்சாலைக்கு வர மாட்டான் என்பதைக் கட்டுவதற்கு முன்பே எங்களிடம் உட்கார்ந்து கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

அதனால் உங்கள் மனுவில் அளவைப் போடுங்கள். பத்துக்கு எட்டு என்றால் புதுக் கட்டடத்திலும் பத்துக்கு எட்டு, சுவருக்கு உள்ளளவு. திடலுக்குப் போகச் சொன்னால் முன்னால் பஸ் நிற்குமா என்று கேளுங்கள். பஸ் நிற்காத இடத்தில் ஒன்றரை வருடம் உட்கார்ந்தால், திரும்பி வரும்போது கையில் முதல் இருக்காது.

ஓய்வு பெற்ற ஓவர்சியர்

அம்மா, முப்பத்தொரு ஆண்டு உள்ளாட்சிப் பொறியியல் பிரிவில் இருந்தவன். உங்கள் 57 பேர் கணக்கைப் படித்தேன். நாங்கள் திட்ட அறிக்கை தயாரித்தபோது யாரும் இப்படி ஒரு நாள் உட்கார்ந்து எண்ணியதில்லை. அந்த நோட்டின் நகலை மனுவோடு கட்டாயம் இணையுங்கள்.

பழைய கட்டடத்தை இடித்துக் கட்டுகிறார்களா, அதன் மேலேயே ஏற்றுகிறார்களா? இதை முதல் கேள்வியாக வையுங்கள். 1990 வாக்கில் தரைத்தளத்துக்கென்று போட்ட அஸ்திவாரத்தின் மேல் 2009-ல் ஒரு தளம் ஏற்றியாகிவிட்டது. இன்னும் ஏற்றுவதானால் கட்டட உறுதித்தன்மை ஆய்வறிக்கை இல்லாமல் ஒரு செங்கல்கூட வைக்கக் கூடாது.

அடுத்தது வாடகை. கடன் வாங்கிக் கட்டினால் கடைகளின் டெபாசிட்டிலும் வாடகையிலும்தான் அந்தக் கடனை அடைக்கப் பார்ப்பார்கள். புதுக் கடைகளைப் பொது ஏலத்தில் விட்டால், கீழ்த்தள முகப்புக் கடை யாரிடம் போகும் என்று உங்களுக்கே தெரியும். நான் வேலை பார்த்த காலத்தில் மூன்று வருடக் குத்தகை, ஒவ்வொரு புதுப்பித்தலுக்கும் 15 சதவீதம் ஏற்றம், ஒன்பது வருடம் வரை. அதற்குப் பிறகு சந்தை வாடகை, இல்லையென்றால் ஏலம். 2023-ல் நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகளுக்குப் புது விதிகள் வந்துவிட்டன, உங்கள் புது ஒப்பந்தம் அவற்றின்படிதான் எழுதப்படும். நடப்பில் உள்ள கடை வாடகைதாரருக்கு அதே தளத்தில் முன்னுரிமை என்பது நகர்மன்றத் தீர்மானத்தில் வரியாக வர வேண்டும். மேடையில் யார் வாக்குக் கொடுத்தாலும் தீர்மானத்தில் இல்லாதது பதிவேட்டில் ஏறாது.

தீர்மான நகல், திட்ட அறிக்கை, மதிப்பீடு, தள வரைபடம் நான்கையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். பத்து ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும், முப்பது நாளில் பதில் தர வேண்டும். புதன்கிழமைக்குள் வராது என்றாலும் இன்றே போடுங்கள்.

படி ஏற முடியாதவர்களைப் பற்றி எழுதியிருந்தீர்கள். சாய்தளம் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். பன்னிரண்டு அடி உயர முதல் தளத்துக்கு 144 அடி, இடையில் நின்று ஓய்வெடுக்கும் தட்டுகள் தனி. அந்த இடம் உங்கள் மனையில் இருக்காது. ஆகவே லிஃப்ட்தான் வைப்பார்கள். லிஃப்ட்டுக்கு மின்கட்டணமும் பராமரிப்பும் யார் பொறுப்பு என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். திறப்பு விழாவன்று ஓடிய லிஃப்ட் இரண்டாம் வருடம் அட்டைப்பெட்டி அடுக்கும் இடமாகிவிட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக ஒன்று, இதுதான் முக்கியம். கடை இப்போது யார் பெயரில் இருக்கிறது?

செல்போன் சர்வீஸ் தம்பி

எல்லோரும் பயமுறுத்துகிறீர்கள், நான் வேறு மாதிரி சொல்கிறேன். எங்கள் ஊரிலும் இதே மாதிரி பழைய காம்ப்ளெக்ஸ். வண்டி நிறுத்த இடமில்லை. கஸ்டமர் பைக்கில் உட்கார்ந்தபடியே "டிஸ்ப்ளே இருக்கா" என்று கேட்டுவிட்டு, பின்னால் ஹார்ன் அடித்ததும் போய்விடுகிறார். எனக்கு மாடியில் கடை கொடுத்தாலும் சம்மதம்தான், சர்வீஸுக்கு வருகிறவன் தேடி வருவான். எல்லாக் கடைக்கும் கீழ்த்தளம் வேண்டும் என்று கேட்டால் யாருக்கும் கிடைக்காது. எந்தத் தொழில் மேலே ஓடும், எது ஓடாது என்று நீங்களே உட்கார்ந்து பிரித்துக் கொடுங்கள் அக்கா. டெய்லர், ஜெராக்ஸ், டியூஷன், சர்வீஸ் மேலே. வளையல், பூ, பழம், மருந்து கீழே.

தி.நகர் வாசி

தம்பி சொல்வது நியாயம். மேலே ஏற்றினால் என்ன ஆகும் என்பதற்குப் பாண்டி பஜார் சாட்சி. நடைபாதைக் கடைக்காரர்களுக்கென்று மாநகராட்சி மாடி வளாகம் கட்டி 2013-ல் உள்ளே அனுப்பினார்கள். வெளியே இருந்த வியாபாரம் உள்ளே இல்லை, அதிலும் மேல்தளம் ரொம்ப மோசம் என்று அவர்கள் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். கூட்டத்தை மேலே நடக்க வைக்க முடியாதென்று இல்லை. 2023 மே மாதம் மாம்பலம் ரயில் நிலையத்திலிருந்து தி.நகர் பேருந்து நிலையம் வரை 570 மீட்டருக்கு ஆகாய நடைபாதை திறந்தார்கள், லிஃப்ட், எஸ்கலேட்டர் எல்லாம் வைத்து. போகிற வழியே மேலே இருந்தால் ஜனம் மேலே நடக்கும். உங்கள் முதல் தளத்துக்குப் பேருந்து நிலையத்திலிருந்தே நடைப்பாலம் உண்டா என்று கேட்டுப் பாருங்கள்.

வளாகத்துக்கு வெளியே பூ விற்கிறவர்கள் இருப்பார்களே, அவர்களையும் மறக்காதீர்கள். 2014-ம் வருடத்துச் சாலையோர வியாபாரிகள் சட்டப்படி கணக்கெடுப்பு முடித்துச் சான்று கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது, இடம் மாற்றவும் முப்பது நாள் நோட்டீஸ் வேண்டும். அந்தச் சட்டப்படி அமைகிற நகர விற்பனைக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே உறுப்பினர்கள், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள்.

வளையல் கடை 14 (மறுபடியும்)

எல்லோருக்கும் நன்றி. ராத்திரி கடை அடைத்துவிட்டு ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன்.

பூக்காரர்கள் ஏழு பேர் இருக்கிறார்கள். அவர்களில் மூத்த அக்காவிடம் சட்டத்தைச் சொன்னேன். சான்று அட்டை நான்கு பேரிடம்தான் இருக்கிறது. மற்ற மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு நாளைக்குப் போகிறார்.

தம்பி, நீங்கள் சொன்னபடியே பிரித்துவிட்டோம். டெய்லர் அண்ணாச்சிதான் முதலில் எழுந்து, "லிஃப்ட் ஓடினால் நான் மேலேயே இருந்துகொள்கிறேன்" என்றார். முப்பது பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். யார் யாருக்குக் கீழ்த்தளம், உள்ளளவு எவ்வளவு, அதே தளத்தில் முன்னுரிமை என்று தீர்மானத்தில் வரி, கொட்டகை திடலில் வேண்டாம் பேருந்து நிலையத்தின் தெற்கு மதிலோரம் வேண்டும், உறுதித்தன்மை அறிக்கை. இதோடு நான் ஒன்று சேர்த்தேன். பெண்களுக்குக் கழிவறை, தரைத்தளத்தில், தண்ணீரோடு. எங்கள் வளாகத்தில் ஒன்பது பெண்கள் கடை பார்க்கிறோம். காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி ஒன்பது வரை. பேருந்து நிலையக் கட்டணக் கழிப்பிடத்துக்கு ஓட வேண்டும், பக்கத்துக் கடையில் ஆள் இல்லையென்றால் அதுவும் முடியாது. நான் மத்தியானத்துக்கு மேல் தண்ணீர் குடிப்பதை விட்டு வருடக்கணக்காகிறது. இதை எழுதும்போது கை கொஞ்சம் தயங்கியது, அப்புறம் அதையே முதல் கோரிக்கையாக மேலே கொண்டுபோய் எழுதினேன். ஆண்களும் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்கள்.

ஓவர்சியர் ஐயா, நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வியில் எனக்கு நெஞ்சு திக்கென்றது. கடை இன்னும் அத்தை பெயரில்தான் இருக்கிறது. வாடகை ரசீதைப் பதினாறு வருடமாக நான் வாங்குகிறேன், பெயரைப் பார்த்ததே இல்லை. நேற்று ஆட்டோ வைத்து அத்தையைக் கூட்டிப்போனேன். வருவாய்ப் பிரிவு மாடியில். அத்தை படியைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்கள், ஒன்றும் சொல்லவில்லை. நான் மட்டும் ஏறிப் போய்ச் சொன்னேன். அங்கிருந்த ஊழியர் ஒரு பெண், மறுவார்த்தை பேசாமல் பதிவேட்டையும் மை டப்பாவையும் எடுத்துக்கொண்டு என்னோடு இறங்கி வந்தார். ஆட்டோ சீட்டில் பதிவேட்டை வைத்து அத்தை கையெழுத்துப் போட்டார்கள், கை நடுங்கியதால் பக்கத்தில் ரேகையும் வாங்கிக்கொண்டார். பெயர் மாற்ற மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு கையில் இருக்கிறது.

புதன்கிழமை மூன்று மணிக்குக் கூட்டம். ஐயா, ஒப்புகைச் சீட்டின் நகலையும் மனுவோடு வைக்கலாமா, தனியாகக் கொடுப்பது நல்லதா? செவ்வாய் ராத்திரிக்குள் சொன்னால் ஜெராக்ஸ் எடுத்துவிடுவேன்.

ஓய்வு பெற்ற ஓவர்சியர்

தனியாகக் கொடுங்கள் அம்மா. மனு முப்பது பேருடையது, பெயர் மாற்றம் உங்களுடையது. இரண்டிலும் தபால் பிரிவில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்ட பிறகே கூட்ட அறைக்குள் போங்கள். கழிவறைக் கோரிக்கையில் எண்ணிக்கையைப் போடுங்கள்: ஒன்பது பெண்கள், பதினொன்றரை மணி நேரம்.