தரையில் கிடந்த பாட்டிக்கு 'லே'யா, 'லெய்ட்'டா?

வைகைக்கரை நர்ஸ்:
எல்லோருக்கும் வணக்கம். மதுரையில் பதினோரு வருடமாக நர்ஸ் வேலை பார்க்கிறேன். இப்போது ஓஇடி தேர்வுக்கு, அதாவது மருத்துவத் துறையில் இருப்பவர்களுக்கான ஆங்கிலத் தேர்வுக்குப் படிக்கிறேன். ரைட்டிங்கில் ஒரு நோயாளியைப் பற்றிய குறிப்புகளைக் கொடுத்து, 180 முதல் 200 வார்த்தைக்குள் கடிதம் எழுதச் சொல்வார்கள். வாசிக்க 5 நிமிடம், எழுத 40 நிமிடம்.

போன வாரப் பயிற்சியில் வந்தவர் 72 வயதுப் பாட்டி. குளியலறையில் வழுக்கி விழுந்து, மகன் வீடு திரும்பும்வரை இரண்டு மணி நேரம் தரையிலேயே கிடந்திருக்கிறார். நான் 'ஷீ லே ஆன் தி ஃப்ளோர் ஃபார் டூ அவர்ஸ்' என்று எழுதினேன். வகுப்பு எடுக்கும் சார் சிவப்பு மையில் 'லே'யை அடித்துவிட்டு 'லெய்ட்' என்று போட்டார். "நடந்து முடிந்த விஷயம், பாஸ்ட் டென்ஸ் வேண்டாமா?" என்றார். கூடப் படிக்கும் தோழி, இரண்டுமே தப்பு, 'லைட்' என்றுதான் வரும் என்கிறாள். வகுப்பு முடிந்து படிக்கட்டில் நின்று அரை மணி நேரம் வாதாடினோம். பள்ளியில் 'லை, லே, லெயின்' என்று மனப்பாடம் செய்த ஞாபகம் எனக்கு நன்றாக இருக்கிறது. அதை நம்பித்தான் எழுதினேன். யார் சொல்வது சரி?

பழைய தமிழாசிரியர்:
நீங்கள் எழுதியதுதான் சரி அம்மா. சிவப்பு மை பட்டதற்காக மாற்றிக்கொள்ளாதீர்கள். உங்கள் தோழி சொல்லும் 'லைட்', பொய் சொன்னார் என்ற பொருளில் வருவது. பாட்டி பொய் சொல்லவில்லையே.

தமிழில் தன்வினை, பிறவினை படித்திருப்பீர்கள். பாட்டி கிடந்தார் என்பது தன்வினை. பாட்டியைக் கட்டிலில் கிடத்தினார்கள் என்பது பிறவினை. ஆங்கிலத்திலும் அதே உறவுதான். 'லை' என்றால் கிட, 'லே' என்றால் கிடத்து. கிடத்தினார் என்பதற்குத்தான் 'லெய்ட்'. குழப்பம் எங்கே வருகிறது என்றால், 'லை'யின் இறந்தகாலமும் 'லே' என்றே இருக்கிறது. 'ஃபால்' என்பதிலும் இதே கதை. விழுந்தது என்பதற்கு 'ஃபெல்', மரத்தை வெட்டி வீழ்த்து என்பதற்கும் 'ஃபெல்'. எழுதும்போது 'எதை?' என்று ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். எதைக் கிடத்தினார் என்பதற்குப் பதில் இருந்தால் 'லெய்ட்' போடுங்கள்.

லீட்ஸிலிருந்து ஓர் அக்கா:
ஐயா சொன்னதை அப்படியே பிடித்துக்கொள் தங்கச்சி. நான் இங்கே இங்கிலாந்தில் வார்டில் ஆறு வருடமாக இருக்கிறேன். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள்கூடப் பேச்சில் 'லேயிங் இன் பெட்' என்றுதான் சொல்வார்கள். அதைக் கேட்டு நீ குழம்பாதே, அவர்களைத் திருத்தவும் போகாதே. 'லை' வர வேண்டிய இடத்தில் 'லே' சொல்வது 14-ஆம் நூற்றாண்டிலிருந்தே இருக்கிறது. 1770 வாக்கில்தான் இலக்கணக்காரர்கள் அதைத் தப்பு என்று பிடிக்க ஆரம்பித்தார்கள். ஆனால் தேர்வில் எழுத்து நடைக்குத்தான் மார்க்.

இன்னொன்றும் சொல்கிறேன். வயதானவர் விழுந்து, எழ முடியாமல் ஒரு மணி நேரத்துக்கு மேல் தரையில் கிடந்தால் அதற்கு இங்கே 'லாங் லை' என்றே பெயர். தசை நசுங்கிச் சிறுநீரகம் கெடலாம், படுக்கைப்புண் வரலாம், உடம்பு சில்லிட்டுப் போகலாம். கடிதத்தைப் படிக்கும் டாக்டர் முதலில் தேடுவது அந்த இரண்டு மணி நேரத்தைத்தான். 'ஷீ வாஸ் லெய்ட்' என்று எழுதியிருந்தால், யாரோ அவரைத் தூக்கிக் கிடத்தினார்கள் என்றாகிவிடும். கூட ஆள் இருந்தாரா இல்லையா என்பதே மாறிப்போகும்.

வைகைக்கரை நர்ஸ்:
ஐயாவுக்கும் அக்காவுக்கும் ரொம்ப நன்றி. கிடந்தார், கிடத்தினார் என்று சொல்லிப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. பழைய பயிற்சிக் கடிதங்களை எடுத்துப் பார்த்தேன். மூன்றில் 'டெம்பரேச்சர் ரெய்ஸ்டு டு 102' என்று எழுதியிருக்கிறேன். சார் அதில் கை வைக்கவே இல்லை. அதுவும் இதே வகையா ஐயா?

பழைய தமிழாசிரியர்:
அதே வகைதான் அம்மா. காய்ச்சல் தானாக ஏறியது, அதனால் 'ரோஸ்'. கட்டிலின் தலைமாட்டை நீங்கள் உயர்த்தினால், அதற்கு 'ரெய்ஸ்டு'.