8க்கு 9 அறை, ரெண்டு பிள்ளைங்க: அடுக்குக் கட்டிலா, இழுவைக் கட்டிலா?

கேள்வி (கும்பகோணம்):
அறை 8 அடி அகலம், 9 அடி நீளம், உயரம் ஒன்பதரை. நடுவுல 48 இன்ச் ஃபேன். 8 அடிச் சுவர் மூலையில இரண்டரை அடிக் கதவு, உள்பக்கம் திறக்கும். பெரியவளுக்கு 9 வயசு, சின்னவனுக்கு 4. கடையில அடுக்குக் கட்டில் (ஒண்ணு மேல ஒண்ணு)ங்கறாங்க, ஆசாரி இழுவைக் கட்டில் (மேல் கட்டிலுக்கு அடியிலிருந்து சக்கரத்துல இழுத்துப் போடறது)ங்கறார். எதுங்க?

பதில் 1:
அடுக்கு வேண்டாம் சார். ஃபேன் நடுவிலிருந்து சுவர் 4 அடி, றெக்கை 2 அடி. மூணடிக் கட்டில் றெக்கைக்கு அடியில ஒரு அடி போயிடும். மேல் மெத்தை 5 அடி உயரம்னா, பொண்ணு எழுந்து நின்னாலே தலை ஒன்பதைத் தாண்டும். றெக்கை சுத்தறதே எட்டரையில. கட்டாயம் அடுக்குதான்னா சுவர் ஃபேனுக்கு மாத்துங்க, மெத்தைக்கு மேல 5 இன்ச்சாவது தடுப்பு நிக்கணும். 6 வயசுக்குக் கீழ உள்ள பிள்ளையை மேல படுக்கவைக்கவே கூடாது.

பதில் 2:
ஆசாரி சொல்றதுதான் சரி. ஆனா கதவைப் பாருங்க. கட்டில் வெளியளவு ஆறரை அடி, மிச்சம் இரண்டரை. கீழ்க் கட்டிலை இழுத்தா கதவு உரசும். கீழ் உள்ளதை மட்டும் ஐந்தரை அடியில செய்யச் சொல்லுங்க, சின்னவனுக்குப் பல வருஷம் தாங்கும். மேல் சட்டத்துக்கு அடியில 12 இன்ச் இடைவெளி விடணும். கீழ மெத்தை 4 இன்ச்சுக்கு மேல வேண்டாம். தலையணையோட உள்ளே தள்ளினா நடுவழியில சிக்கிக்கும்!

சக்கரம் 2 இன்ச் நைலான், ஆறு: மூலைக்கு ஒண்ணு, நடுவுல ரெண்டு. முன்பக்க ரெண்டுக்கு பிரேக். பிளைவுட்டில் ஸ்க்ரூ மட்டும் போட்டா ஆடி ஆடிப் பிடுங்கிக்கும்; குறுக்குச் சட்டத்துல துளைபோட்டு போல்ட் முடுக்கணும்.

பதில் 3:
ஐப்பசி, கார்த்திகை ஈரத்தை மறந்துடாதீங்க. பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளைப் பசை போட்டு அழுத்தின பலகை) தண்ணி பட்டா உப்பிடும், ஒருதரம் கழட்டின ஸ்க்ரூ மறுபடி பிடிக்காது. ஐஎஸ் 710 முத்திரை உள்ள, தண்ணி தாங்கற மரைன் பிளைவுட் எடுங்க. கீழ்க் கட்டில் பலகையில அரை அடிக்கு ஒரு துளை போடுங்க, இல்லேன்னா மெத்தை அடியில பூஞ்சை பூக்கும். கரையான் ஏறாம இருக்க, கட்டிலைச் சுவரை விட்டு 2 இன்ச் தள்ளிப் போடுங்க.

கேட்டவர்:
நன்றிங்க. கொல்லையில போன மாசம் வெட்டின பூவரசு இருக்கு. சட்டத்துக்கு ஆகுமா?

பதில் 2:
இப்ப ஆகாது. பச்சை மரம் காயறப்ப முறுக்கும். சட்டம் முறுக்கினா ஒரு சக்கரம் தரையைத் தொடாது, இழுக்கறப்பல்லாம் கோணிக்கிட்டு வரும். பூவரசை அறுத்து, இடையில ரீப்பர் (மெல்லிசு மரச்சட்டம்) வெச்சு நிழல்ல அடுக்குங்க. கட்டிலுக்குக் காய்ஞ்ச மரம் வாங்கிடுங்க.